மேல்மண்

வட்டகொடைப் புகையிரத நிலையத்திலிருந்து பூண்டுலோயாவுக்குச் செல்லும் பாதையை அடுத்த தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்த சிறுவன் ஒருவன், ஓடைநீரின் இயற்கை நிறம் சிவப்பு என்றே நெடுநாள் எண்ணியிருந்தான். தென்மேற் பருவக்காற்று மழையைக் கொணரும் வைகாசி ஆனி மாதங்களில் அவன் பள்ளிக்குச் செல்லும் வழியிலிருந்த ஓடை செந்நிறங் கொண்டு சுழித்தோடும். கொங்காணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள் அதனைப் பார்த்து, "மலை குளிக்குது" என்பார்கள். குளித்த மலை ஒவ்வோர் ஆண்டும் சிறிது மெலிகின்றது என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். அதனைச் சொல்லுதற்கு ஓர் இடமோ, சொன்னாற் கேட்பதற்கு ஓர் ஆளோ அவர்களுக்கு இருந்ததில்லை.

அச்சிறுவன் வளர்ந்து, 1990களின் பிற்பகுதியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்குத் தெரிவானான். லயம் முழுவதும் மகிழ்ந்தது. வைத்தியமோ பொறியியலோ அன்று என்று கேட்ட சிலர் முகஞ் சுருக்கியதும் உண்டு. பின்னர் அவன் மண்ணியலைத் தன் சிறப்புப் பாடமாகத் தெரிவு செய்து விடுமுறைக்கு வந்து கூறியபோது, தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கான் வெட்டிய அவன் தந்தை வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: "மண்ணப் படிக்கவா தம்பி பேராதனைக்குப் போன? அத நானே இங்க சொல்லிக் குடுத்திருப்பேனே."

கேலியாகச் சொல்லப்பட்ட சொல்தான் அது. ஆயினும் மண்ணியல் என்னும் துறை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியொன்று அதனுள் அடங்கியிருந்தது. மண்ணை அறிந்தவர் யார்? அதனைக் கையால் அளைந்தவரா, ஆய்வுகூடத்தில் அளந்தவரா? இருவரும் அறிந்தவை ஒன்றாயின், ஏன் ஒருவர் மலைச்சரிவிலும் மற்றவர் மேசையின் முன்னும் நின்றனர்? அவன் பெற்ற கல்வி முழுவதும் இக்கேள்விக்கு விடைதேடிய முயற்சியே எனலாம்.

பல்கலைக்கழகத்தில் அவன் முதலிற் கற்றது, மண் என்பது வெறும் பொடிந்த கல் அன்று என்பதாகும். இவ்வுண்மையை அறிவியலாக நிலைநாட்டியவர் உருசிய அறிஞர் தொக்குச்சாயெவ். அந்நாட்டின் கருமண் சமவெளிகளை ஆராய்ந்து 1883ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், தாவரத்தையும் விலங்கையும் போல மண்ணும் தனக்கெனத் தோற்றமும் வளர்ச்சியும் உடைய இயற்கைப் பொருள் என்று காட்டியது. பின்னர் 1941இல் ஹான்ஸ் ஜெனி என்பார், மண்ணை ஆக்கும் காரணிகள் ஐந்து என வகுத்துரைத்தார். காலநிலை, உயிர்கள், தரைத்தோற்றம், தாய்ப்பாறை, காலம் என்பன அவை.

விரிவுரை மண்டபத்தில் இவ்வைந்தையும் எழுதிக்கொண்டிருந்த மாணவனின் மனக்கண்முன் நின்றது உருசியச் சமவெளி அன்று, வட்டகொடை மலையே. அங்குள்ள தாய்ப்பாறை, மத்திய மலைநாட்டின் அடித்தளமாகிய பழமைமிக்க உருமாறிய பாறை. இடைவிடாத மழை அப்பாறையை உக்கச் செய்து, அதிலிருந்த சுண்ணத்தையும் பிற காரப்பொருள்களையும் கழுவிச் சென்று, இரும்பையும் அலுமினியத்தையும் எஞ்சவிட்டது. ஆகவே மண் சிவந்தது, அமிலத்தன்மை கொண்டது. அதன்மீது நின்ற மலைக்காடு பல்லாயிரம் ஆண்டுகளாக இலையுதிர்த்து, இலை மட்கி, சிவந்த மண்ணின் மேல் ஓரடியளவு கருமையைப் பரப்பியது. அக்கருமையே மேல்மண். நீரைப் பிடித்துவைப்பதும், வேருக்கு உணவு தருவதும், மண்புழுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் வீடாக இருப்பதும் அதுவே. மலையின் பெரும் பருமனோடு ஒப்பிட்டால் அது ஒரு போர்வையே. அப்போர்வையின்மீதே அனைத்தும் தங்கியிருந்தது.

இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ மாணவரைக் களப்பயிற்சிக்கு அழைத்துச் சென்றனர். ஓராள் உயரத்துக்குக் குழி தோண்டி, அதன் சுவரைக் கத்தியால் செதுக்கி, மண்ணின் படைகளை மேலிருந்து கீழாக வாசித்தல் அப்பயிற்சி. மேலே கருமையும் தளர்ச்சியும் உடைய முதற்படை. அதன்கீழ் களிமண் மிகுந்த செம்மஞ்சட் படை. அதற்குங் கீழே பாறையாகவும் மண்ணாகவும் அல்லாத உக்கிய படை. முன்சல் நிறப்புத்தகத்தின் தாள்களோடு மண்கட்டியை ஒப்பிட்டு நிறத்துக்கு இலக்கமிடுவர். ஈரமண்ணை விரல்களுக்கிடையே தேய்த்து, மணலா, மண்டியா, களியா என்று உணர்வர். நகரத்து மாணவர் பலர் தயங்கித் தயங்கி மண்ணைத் தொட்டனர். அவனோ தொட்ட கணமே சொன்னான். ஆசிரியர் வியந்து, எங்கே கற்றாய் என்று வினவ, அவன் விடை சொல்ல வெட்கினான்.

அன்று காட்டுக்குள் வெட்டிய குழியிலும், அதனை அடுத்துப் பழைய தேயிலைக்குள் வெட்டிய குழியிலும் மேற்படையின் தடிப்பை அளந்தனர். காட்டுக்குழியில் முழங்காலை எட்டும் கருமை இருந்தது. தேயிலைக்குழியில் அது உள்ளங்கையளவுகூட இல்லை. செடிகளின் தூர்கள் தரைக்கு மேலே எழும்பி, வேர்கள் வெளித்தெரிய நின்றன. அவன் சிறுவயது முதல் கண்ட காட்சிதான் அது. கிழத்தேயிலை என்றால் தூர் அவ்வாறுதான் மேலெழுந்து நிற்கும் என்று எண்ணியிருந்தான். செடி மேலெழவில்லை, தரையே கீழிறங்கியது என்பதை அன்றுதான் உணர்ந்தான்.

தரை எவ்வாறு இறங்கியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் நாளடைவில் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தை நிரப்பியது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியபோது, அதன் இருமருங்கிலும் மலைகள் பச்சைச் சீலை உடுத்தத் தொடங்கியிருந்தன. அப்பச்சையின் அடியில் ஒரு பெரும் பிழை மறைந்திருந்தது. செடிகளுக்கிடையே ஒரு புல்லும் முளைக்கலாகாது என்பது அக்காலத் தோட்டத்துரைமாரின் கொள்கை. தரையைச் சுரண்டிச் சுரண்டிக் கண்ணாடிபோல் வைத்திருக்கும் தோட்டமே நல்ல தோட்டம் எனப் போற்றப்பட்டது. மழைத்துளியைத் தாங்க ஓர் இலையும் இல்லாத செங்குத்துச் சரிவில், ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சம்மட்டியாக விழுந்து மண்ணைப் பிளந்தது. ஓடும் நீர் பிளந்ததை வாரிச் சென்றது.

இதன் கேட்டை ஆட்சியாளரும் அறியாமல் இல்லை. மண்ணரிப்பை ஆராய நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் நிறைவேறியது. இவற்றுக்கிடையே, வட்டகொடைக்கு மிக அண்மையில், தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் மண்ணியல் ஒரு தொழிலாக வேரூன்றியது. 1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் அங்கே நிலைகொண்டது. இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் நிலையத்தில் புள்ளியியல் அறிஞர் பிஷருடன் பணியாற்றிய ரி. ஈடன் அங்கு வந்து, தேயிலை மலையைச் சிறு சிறு துண்டங்களாகப் பிரித்து உரச் சோதனைகளை நடத்தினார். உலகின் பிற இடங்களில் அம்முறை பரவுமுன்னரே தலவாக்கலையின் மலைச்சரிவு அதற்குக் களமாயிற்று. நாடளாவிய நிலையில், 1930கள் முதல் யோக்கிம் என்பார் இலங்கை மண்களின் இரசாயன இயல்பை ஆராய்ந்தார். 1961இல் மூர்மனும் பானபொக்கையும் இலங்கையின் மண்வகைகளைப் பெருங்குழுக்களாக வகுத்தனர். அவ்வகுப்பின்படி வட்டகொடை மண் செம்மஞ்சட் பொட்சோலிக்கு மண் எனப் பெயர் பெற்றது. பின்னர், 1999இல் வெளிவந்த ஈரவலய மண்கள் பற்றிய நூல் இன்னும் நுணுகிச் சென்று, இப்பகுதி மண்தொடருக்குத் தலவாக்கலைத் தோட்டமொன்றின் பெயரையே இட்டு, மட்டுக்கலைத் தொடர் என வழங்கியது.

இப்பெயரை முதன்முதல் நூலிற் கண்டபோது அவன் அடைந்த உவகை பெரிது. தன் மாமன் முறையானவர் கவ்வாத்து வெட்டிய தோட்டத்தின் பெயர், உலக மண்ணியலாளர் படிக்கும் ஏட்டில் ஏறிவிட்டது. ஆயின் அவ்வுவகையின் பின்னால் ஒரு வெறுமையும் வந்தது. மண்ணுக்கு அத்தோட்டத்தின் பெயர் கிடைத்தது. அம்மண்ணில் நான்கைந்து தலைமுறையாக உழைத்தவருக்கு அதில் ஒரு சாண் நிலமும் பெயரில் இல்லை.

அவ்வாண்டுகளில் அவன் குறிப்பேட்டில் எழுதிய கணக்கொன்று உண்டு. மண் பாதுகாப்பு முறைகள் இல்லாத பழைய விதைத்தேயிலை மலையிலிருந்து ஆண்டொன்றுக்கு எக்டேருக்கு நாற்பது தொன்னுக்கும் மேற்பட்ட மண் அரித்துச் செல்லப்படலாம் என்று இலங்கையில் நிகழ்ந்த அளவீடுகள் காட்டியிருந்தன. நன்கு மூடிவளர்ந்த வி.பி. தேயிலையிலோ அது ஒரு தொன்னுக்கும் குறைவு. ஓர் எக்டேர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மண் ஏறத்தாழப் பன்னிரண்டு தொன் நிறைகொள்ளும். ஆகவே நாற்பது தொன் என்பது மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஆண்டுக்கு மூன்று மில்லிமீற்றர் எனின் நூறாண்டுக்கு முந்நூறு, அதாவது ஓரடி. மண்ணியலாளர் தனித்துச் செய்த மதிப்பீடும் அதுவே. மலைநாடு ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ ஓரடி மேல்மண்ணை இழந்தது என்பர். காடு தந்த ஓரடிக் கருமை முழுவதும் போயிற்று. ஓரங்குல மண் மீண்டும் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும்.

இக்கணக்கை முடித்தபின் அவன் மனத்தில் எழுந்தது எண் அன்று. அவன் அப்பாயியின் கையிலிருந்த சுரண்டி. இளமையில் தந்தையும் அதே சுரண்டியைப் பிடித்தவர். ஒரு புல் விடாமல் தான் சுரண்டிய மலையைக் காட்டித் துரை பிற தொழிலாளரைக் கடிந்த கதையை அவர் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறார். எந்தக் கை கான் வெட்டி மண்ணைக் காத்ததோ, அதே கை அதற்கு முன்னர் மண்ணைச் சுரண்டி ஆற்றில் விட்டது. இதனைத் தந்தையிடம் சொல்வதா, மறைப்பதா என்பதை அவன் ஓராண்டு முழுவதும் தீர்மானிக்கவில்லை.

அவ்வாண்டில் நிகழ்ந்த இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் கூட்டமொன்றில் குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பற்றி ஒருவர் உரையாற்றினார். செந்நிலத்திற் பெய்த மழைநீர் அந்நிலத்தின் நிறத்தை ஏற்று ஒன்றுபடுதலை, முன்பின் அறியாத இருவரின் நெஞ்சங்கள் கலத்தலுக்கு உவமை கூறிய அப்பாடலின் நயத்தைச் சபை சுவைத்து மகிழ்ந்தது. அவனும் மகிழ்ந்தான். ஆயினும் அவன் கண்முன் ஓடியது வட்டகொடை ஓடை. நீரும் நிலமும் கலந்தபின் நிலம் என்னாயிற்று என்று அவன் மனம் வினவியது. கலந்த நீர் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் சென்று, ஒருகாலத்தில் கொட்டியாரக்குடா வரையும் மலைநாட்டு மண்ணைச் சுமந்தது. அணைகள் எழுந்தபின் அம்மண் நீர்த்தேக்கங்களின் அடியில் படிகின்றது. 1976இல் கட்டப்பட்ட பொல்கொல்லைத் தேக்கம், பன்னிரண்டே ஆண்டுகளில் தன் கொள்ளளவின் பாதிக்குச் சற்றே குறைந்த பகுதியை வண்டலுக்கு இழந்தது. மலையில் மேல்மண்ணாக இருந்தது அணையில் வண்டலாகக் கிடக்கின்றது. இதனால் சங்கப்பாடலின் அழகு குறைந்துவிடவில்லை. செந்நிறம் என்பது காதலனுக்கு ஒன்றும் மண்ணியலாளனுக்கு ஒன்றுமாகத் தோன்றும் என்பதை மட்டும் அவன் அன்று கற்றான்.

வட்டகொடைக்கும் இலக்கியத்துக்கும் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. மலையகத்தின் பெருங்கவிஞராகிய சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தது வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில், 1914ஆம் ஆண்டில். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர் அவர். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் அவரைத் தெரிவுசெய்த மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. அவர் ஆங்கிலத்தில் இயற்றி, சக்தீ பாலையா தமிழில் தந்த தேயிலைத் தோட்டக் கவிதை, செடியின் அடியில் புதையுண்ட மனிதரைப் பாடுவது. கவிஞருக்கு அது சோகத்தின் குரல். மண்ணியல் மாணவனுக்கு அதில் மறுக்கவியலாத ஓர் உண்மையும் தெரிந்தது. அம்மலைகளில் தம் முன்னோரைப் புதைத்தவர்கள் அம்மக்கள். கல்லறை கட்ட வசதியற்றவர்கள். மண் யாரைத் தன்னுள் ஏற்றதோ அவர்களுக்கு அம்மண்மீது எழுத்தில் உரிமை இருக்கவில்லை.

ஒருநாள் மாலை, கான் ஓரத்தில் அமர்ந்திருந்தபோது அவன் தந்தையிடம் கணக்கைச் சொல்லிவிட்டான். ஓரடி மண் போயிற்று, சுரண்டியதால் போயிற்று என்று மெல்லச் சொன்னான். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "சுரண்டச் சொன்னாங்க, சுரண்டினோம். கான் வெட்டச் சொன்னாங்க, வெட்டினோம். எது சரின்னு எங்கள யாரு கேட்டா? கேட்டிருந்தா சொல்லியிருப்போம். செவப்புத் தண்ணி ஓடுறது எங்களுக்கும் தெரிஞ்சுதானே இருந்திச்சு."

அன்றிலிருந்து அவர் அவனுக்குத் தம் தொழிலை விளக்கத் தொடங்கினார். கான் என்பது நீரை ஓட்டும் பள்ளம் மட்டுமன்று என்றார். "தண்ணி போகணும், மண்ணு நிக்கணும். தண்ணியோட மண்ணும் போனா அது கான் இல்ல தம்பி, ஓடை." மலையைக் குறுக்கே தழுவிச் செல்லும் கானுக்கு ஏறத்தாழ நூற்றிருபது அடி ஓட்டத்தில் ஓரடி இறக்கம் என்று கைநூல்கள் வகுக்கும். அவர் கருவி எதுவும் இன்றி, ஒரு தடியையும் கண்ணையும் கொண்டு அவ்விறக்கத்தைப் பிடித்தார். கானின் உள்ளே இடையிடையே மண்ணைத் தடுக்கும் வரம்பை விட்டுவைத்து, அங்கே தங்கிய மண்ணை மழைக்காலம் முடிய வாரி மேற்புறத்துச் செடிகளின் அடியில் இட்டார். மாணவன் பாடநூலில் நீளமான பெயர்களோடு கற்றவை அனைத்தும் அத்தடியிலும் மண்வெட்டியிலும் இருந்தன. இல்லாதவை இரண்டு. தாம் செய்வதற்கான காரணத்தை அளந்து நிறுவும் வழி அவரிடம் இல்லை. செய்யக்கூடாததைச் செய்ய மறுக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. முதலாவதைக் கல்வி தரும். இரண்டாவதைக் கல்வி மட்டும் தந்துவிடாது.

தந்தை அறியாத சிலவற்றை மகன் சொன்னதும் உண்டு. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, பீ.எச். பெறுமானம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையே இருத்தல் அதற்கு உகந்தது. பிற பயிர்களை நஞ்சூட்டும் அலுமினியத்தை அது தன் முதிர்ந்த இலைகளில் ஏற்று வாழும். ஆயினும் ஆண்டாண்டாக அமோனியா உரங்களை இட்டால் மண் மேலும் புளித்து, தேயிலைக்கும் ஒவ்வாத எல்லையைத் தாண்டும். கவ்வாத்தின்போது டொலமைற்று இடுவதன் காரணம் அதுவே. இதனைக் கேட்ட தந்தை, உரம் போட்டுப் போட்டு மண் சூடாகிப்போயிற்று என்று தம் வயதினர் சொல்லிவந்தது இதைத்தானா என்று கேட்டார். சூடு என்ற சொல்லை ஆய்வுகூடம் ஏற்காது. சொல்லப்பட்ட செய்தியை மறுக்கவும் அதனால் இயலாது.

கொழுந்து செல்லும் கணக்கையும் அவன் விளக்கினான். ஆயிரம் கிலோ தேயிலைத்தூள் ஏறத்தாழ நாற்பது கிலோ நைதரசனை மலையிலிருந்து எடுத்துக்கொண்டு கப்பலேறுகின்றது. எடுத்ததைத் திருப்பித் தராவிடின் மண் வறுமையுறும். இவ்வெளிய கணக்கை மறந்ததன் விளைவை நாடே பின்னர் கண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே ஆணை மீளப்பெறப்பட்டது. 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. உரவிலை ஏற்றமும் பொருளாதார நெருக்கடியும் அவ்வீழ்ச்சியிற் பங்குகொண்டன என்பது உண்மை. சேதன உரத்தின் பயனை எந்த மண்ணியலாளனும் மறுக்கமாட்டான். இழந்த சேதனப் பொருளை மண்ணுக்கு மீட்பதே அவன் வாழ்நாள் வேலை. ஆனால் நூறாண்டு இழப்பை ஒரு பருவத்தில் ஈடுசெய்யலாம் என்று மண் எவருக்கும் வாக்களித்ததில்லை. கிழத்தேயிலையைப் பிடுங்கியபின் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லையோ மாணாப் புல்லையோ வளர்த்து, வெட்டி, தரையில் பரப்பி, அதன் பின்னரே புதுக்கன்றை நடுதல் தலவாக்கலை நிலையம் வகுத்த நெறி. அக்காலத்தில் அம்மலை ஒரு சதமும் வருமானம் தராது. காத்திருத்தல் செலவென்று கருதப்படும் இடத்தில் இந்நெறி முதலிற் பலியாகும்.

இவற்றை விடவும் கடினமான கேள்வியொன்று அவனுக்குக் காத்திருந்தது. பட்டம் பெற்று, பணியில் அமர்ந்து, நாற்பது வயதைக் கடந்தபின் அக்கேள்வி வந்தது. லயங்களை விட்டுத் தனி வீடுகள் அமைக்கும் திட்டத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் வழங்கும் ஏற்பாடு 2015ஐ அடுத்த ஆண்டுகளில் மலையகத்தில் பரவியது. பின்னர் பத்துப் பேர்ச்சஸ் என்றும் பேசப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் என்பது நூற்றெழுபத்தேழு சதுர மீற்றர். நூற்றைம்பது ஆண்டு உழைப்பின்பின் கிடைக்கும் அத்துண்டு நிலத்தைப் பற்றி, விடுமுறைக்கு வந்த அவனிடம் அயலவர் ஒவ்வொருவராக வந்து கேட்டனர். உரம் பற்றியோ விளைச்சல் பற்றியோ அவர்கள் கேட்கவில்லை. "நீங்க மண்ணு படிச்சவங்க. இந்த எடத்துல வீடு கட்டுனா மண்ணு நிக்குமா?" என்றே கேட்டனர்.

அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் பலவற்றைப் பெயர்த்தெறிந்தது. மண் சரிதலின் இயல்பு விளங்காத ஒன்றன்று. உக்கிய படையினுள் நீர் புகுந்து தங்கும்போது மண்துணிக்கைகளுக்கிடையே நீரின் அமுக்கம் ஏறும்; துணிக்கைகளின் பிடி தளரும்; சரிவு தன் பாரத்தாலேயே இறங்கும். மழையை எவரும் தடுக்கவியலாது. நீரை ஒழுங்காக வழிப்படுத்தும் கான்கள் தூர்ந்துபோனால், வெளியேற வேண்டிய நீரும் உள்ளேயே இறங்கும். ஆட்குறைப்பும் செலவுக்குறைப்பும் வந்த காலத்தில் பல மலைகளில் முதலிற் கைவிடப்பட்ட வேலை கான் வேலையே. அவன் தந்தையின் தொழில் கொழுந்தை மட்டும் காத்ததன்று. சரிவின் கீழே உறங்கிய லயத்தையும் காத்தது.

அயலவருக்கு அவன் என்ன விடை சொல்வது? ஓர் அகழ்கருவியைச் செலுத்திப் பார்த்து, நிற்கும் என்றோ நில்லாது என்றோ சொல்லிவிடக்கூடிய நிலம் அன்று அது. நிற்கும் என்று தவறாகச் சொன்னால் உயிர் போகும். நில்லாது என்று சொன்னால் வாழ்நாளில் முதன்முதல் கைக்கெட்டிய நிலம் போகும். மீண்டும் லயமே கதி. விரிவுரை மண்டபத்தில் ஒருவரும் அவனுக்கு இப்பாரத்தை எடுத்துக்காட்டியதில்லை. அவன் தான் அறிந்ததை மட்டும் சொன்னான். மேற்சரிவில் வில்போல் வளைந்த வெடிப்பு உண்டா, மரங்களும் கம்பங்களும் சாய்ந்துள்ளனவா, புதிதாக ஊற்று எழுந்ததா, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குகின்றதா, கதவுகள் காரணமின்றி இறுகுகின்றனவா என்று பார்க்கச் சொன்னான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்த்து, அந்நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி இன்றி அத்திவாரம் வெட்டவேண்டாம் என்றான். இரு குடும்பங்களுக்கு, இந்த இடம் வேண்டாம், வேறிடம் கேளுங்கள், நானும் உடன் வந்து கேட்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னான். ஒரு குடும்பத்தவர் அவனோடு பல மாதம் பேசவில்லை. மற்றக் குடும்பத்தவருடன் அவன் மும்முறை அலுவலகம் ஏறி இறங்கினான்.

அவனுடைய கல்வியின் பயன் என்ன என்று எவரேனும் வினவின், அந்த மும்முறை நடையையே காட்டலாம். மண்ணியல் என்பது பதவிக்கும் பட்டத்துக்கும் உரிய துறை என்று எண்ணுவோர் உளர். விளைச்சலைப் பெருக்கும் துறை என்போரும் உளர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் மலைநாட்டில் அது வேறொரு கடமையையும் தாங்கியுள்ளது. எவரையும் கேளாது நிகழ்ந்துவிட்ட ஓரடி இழப்பைக் கணக்கிட்டுச் சொல்வதும், எஞ்சியிருப்பதைக் காப்பதும், அதன்மேல் குடியிருக்கப் போகின்றவரை அம்முடிவுகளில் கேட்கவைப்பதும் அக்கடமை. மண்ணைத் தொட்டு அறிந்த குடும்பங்களிலிருந்து மாணவர் இத்துறைக்கு வருதல் இதனாலேயே வேண்டப்படுகின்றது. அவர்களுக்கு இடம் தருவது சலுகை அன்று. துறைக்கே அதனால் ஒரு குறை தீர்கின்றது.

சென்ற விடுமுறையில் அவன் தந்தையின் வீட்டுத்துண்டில் ஒரு குழி வெட்டினான். எண்பதை நெருங்கும் தந்தை பக்கத்தில் கல்லொன்றின்மீது அமர்ந்து பார்த்திருந்தார். இடுப்பளவு ஆழம் சென்றதும் அவன் சுவரைச் செதுக்கி, படைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, அவற்றின் பெயர்களைத் தமிழிற் சொன்னான். அவர் கைநீட்டி மேலிருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, உருட்டி, மூக்கருகே கொண்டுசென்று, "இது உசிரு மண்ணு, கொஞ்சந்தான் இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வர் வந்து குழிக்குள் எட்டிப்பார்த்தனர். அவர்களுக்கும் அவன் முதலிலிருந்து சொன்னான்.

மாலையில் மழை இருட்டியது. குழியை மூட அவன் கையில் அகப்பட்ட மண்ணை விரைவாகத் தள்ளத் தொடங்கினான். தந்தை தடியால் தரையைத் தட்டித் தடுத்தார். "எடுத்த மாதிரியே போடு. அடி மண்ண மொதல்ல போடு. மேல் மண்ணு கடைசில." அவன் மாணவருக்கு எத்தனையோ முறை கற்பித்த விதிதான் அது. குவியல்களைப் பிரித்து, சிவந்ததை முதலில் இட்டு மிதித்து, கருத்ததை அதன்மேல் பரப்பி முடித்தபோது முதல் துளி விழுந்தது. பிள்ளைகள் வாசலில் ஓரமாக நின்று, பரப்பிய மண் நீரோடு போகின்றதா என்று பார்த்துக்கொண்டிருந்தனர்.